மாட் ரான்சம் கடிதக் கட்டு: ஆண்டு இல்லை, ஆள் குழப்பம், மொழிபெயர்ப்பில் தடுமாற்றம்

மைக்கூடு எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த வழக்கறிஞர் மாட் விட்டேக்கர் ரான்சமின் (1826–1904) குடும்ப, அரசியல் காகிதங்கள் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்தில், தென்மாநில வரலாற்றுத் தொகுப்பில் இருக்கின்றன. ஆள் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1852இல் மாநில அட்டர்னி ஜெனரல், உள்நாட்டுப் போரில் கூட்டமைப்புப் படையின் (பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை) பிரிகேடியர் ஜெனரல், 1872 முதல் 1895 வரை செனட்டர், அதன்பின் மெக்சிகோவில் அமெரிக்கத் தூதர். அந்தக் கட்டிலிருந்து நாற்பது கடிதங்களைக் குறிப்புகளோடு தமிழில் கொண்டுவரும் வேலை இது. படப்பிரதிகள் கையில் இருக்கின்றன.

பல கடிதங்களில் நாளும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டைக் காணோம். நூலகப் பட்டியலில் சதுர அடைப்புக்குள் ஊகமாகப் போட்டிருக்கும் ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? 'ஜெனரல் ரான்சம்', 'ரான்சம் பிரிகேட்' என்று வரும் இடமெல்லாம் இவர்தானா? சில தாள்களில் எழுத்தின் மேலேயே குறுக்காக இன்னொரு எழுத்து ஓடுகிறது, சில மெல்லிய தாள்களில் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறது. இவற்றை எப்படிப் படிப்பது? கடைசியாக மொழிபெயர்ப்பு: 'சர்வன்ட்' என்றால் 'வேலைக்காரர்' போதுமா? 'கசின்' வந்தால் என்ன செய்வது? அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.


ஏடுபுரட்டி எழுதியது:

அடைப்புக்குறி ஆண்டை நம்பி அச்சுக்குப் போய்விடாதீர்கள். பட்டியல் போட்டவர் பெட்டி பெட்டியாக அடுக்கித் தீர்க்க வேண்டியவர். உங்களிடம் இருப்பது நாற்பதே கடிதம், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து நிறுவலாம்.

முதலில் கிழமை. போர்க்காலக் கடிதத்தில் 'ஞாயிறு, மே 15' என்று மட்டும் இருந்தால் அது 1864தான். அதே தேதி 1861இல் புதன், 1862இல் வியாழன், 1863இல் வெள்ளி, 1865இல் திங்கள். போருக்கு வெளியே போனால் 1859, 1870 இரண்டிலும் மே 15 ஞாயிறாக வரும். அங்கே காகிதமும் கடிதத்தின் பொருளும்தான் வழக்கைத் தீர்க்கும். ஜனவரி முதல் இரண்டு வாரத்துக் கடிதத்தில் ஆண்டு போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய ஆண்டைப் பழக்கத்தில் எழுதிவிடுவது அன்றைக்கும் உண்டு. உள்ளே 1863 கோடையில் நடந்ததைப் பேசிக்கொண்டே மேலே 'ஜனவரி 4, 1863' என்று இருந்தால் அது 1864ஆம் ஆண்டுக் கடிதம்.

'இன்ஸ்ட்', 'அல்ட்', 'ப்ராக்ஸ்' என்ற மூன்று சுருக்கங்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட் என்றால் இந்த மாதம், அல்ட் சென்ற மாதம், ப்ராக்ஸ் வரும் மாதம். மே 3 கடிதத்தில் 'உங்கள் 28 அல்ட் கிடைத்தது' என்றால் ஏப்ரல் 28 கடிதம் கிடைத்தது என்று பொருள். பதில் கடிதங்களை ஜோடி சேர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஜோடியில் ஒன்றுக்கு ஆண்டு தெரிந்தால் மற்றதற்கும் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் முதுகுக் குறிப்பு. வழக்கறிஞர் கையில் வந்த கடிதம் விரித்தபடி கிடக்காது. நீளவாக்கில் மூன்றாகவோ நான்காகவோ மடித்து, நாலு விரல் அகலப் பட்டையாக்கி, வெளியே தெரியும் மடிப்பின் தலையில் அனுப்பியவர் பெயர், நாள், பொருள், சில சமயம் பதில் போட்ட தேதி என்று குறித்து, நாடா கட்டிப் புறாக்கூண்டு அலமாரியில் செருகிவிடுவார்கள். கடிதம் எழுதியவர் ஆண்டை விட்டிருந்தாலும் பெற்றவரின் கை விட்டிருக்காது. கடைசிப் பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் மற்றவற்றைவிட அழுக்கேறிக் கருத்திருக்கும், வெளியே இருந்த முகம் அதுதான். கடித வரிகளுக்குச் செங்குத்தாக, பட்டையின் குறுகிய அகலத்துக்குள் மூன்று நான்கு சிறு வரிகள் ஓடும். கை வேறு, மை வேறு. படம் எடுப்பவர்கள் எழுத்தில்லாத பக்கம் என்று இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் நாற்பதில் பின்பக்கப் படம் இல்லாதவற்றைக் கணக்கெடுத்து, வெற்றுத் தாளாகத் தெரிந்தாலும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உறை பிழைத்திருந்தால் அதுவும் சாட்சி. 1861 ஜூன் 1 முதல் கூட்டமைப்பு தன் அஞ்சலைத் தானே நடத்தியது. அரை அவுன்சுக்கு 500 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1862 ஜூலை 1 முதல் தூரம் பாராமல் 10 சென்ட். அவர்களுடைய அஞ்சல்தலைகள் 1861 அக்டோபர் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் பெரும்பாலும் 'பெய்ட் 5' (5 சென்ட் கட்டியாயிற்று) என்ற கைமுத்திரைதான் இருக்கும். படையில் இருப்பவர் தலை ஒட்டாமல் தன் பெயர், பதவி, படைப்பிரிவை உறைமேல் எழுதி அனுப்பலாம், காசைப் பெறுபவர் கொடுப்பார். அந்த ஒரு வரி உங்களுக்குப் பொன். 'கர்னல், 35ஆம் வட கரோலினா' என்றிருந்தால் 1862 வசந்தத்துக்கும் 1863 ஜூனுக்கும் இடைப்பட்டது.

காகிதத்தையும் பாருங்கள். வடக்கின் கடல் முற்றுகை இறுக இறுகத் தெற்கில் நல்ல தாள் தீர்ந்துபோனது. கணக்குப் புத்தகத்தில் கிழித்த கோடிட்ட தாள், சுவரொட்டுத் தாளின் வெண்புறம், பழைய உறையை உள்வெளியாகத் திருப்பி ஒட்டியது எல்லாம் 1863, 1864இல் சகஜம். ஆனால் இது துணைச் சாட்சிதான். இதை மட்டும் வைத்து ஆண்டு போடாதீர்கள்.


கொத்தளம் எழுதியது:

'ஜெனரல் ரான்சம்' விஷயத்தில் நிறையப் பேர் சறுக்கியிருக்கிறார்கள். மாட்டின் தம்பி ராபர்ட் ரான்சம் வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியில் படித்த தொழில்முறைப் படைவீரர். அண்ணனுக்கு முன்பே ஜெனரல் ஆனவர் தம்பிதான். வட கரோலினா படைப்பிரிவுகள் கொண்ட ஒரு பிரிகேட் 1862இல் ராபர்ட்டின் கீழ் இருந்தது. 1863இல் அவர் மேஜர் ஜெனரலாக உயர்ந்ததும், அதே பிரிகேட் ஜூன் மாதம் பிரிகேடியர் ஆன மாட்டின் கைக்கு வந்தது. ஆகவே 1862 டிசம்பர் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் கடிதத்தில் 'ரான்சம் பிரிகேட்' என்றால் தம்பியுடையது. 1864 ஏப்ரல் பிளிமத் கடிதத்தில் அதே சொல் அண்ணனுடையது. படை அதே படை, தலைவர் வேறு.

1864 மே மாதம் ட்ரூரிஸ் பிளஃப் போரில் குழப்பம் இரட்டிக்கிறது. இருவரும் களத்தில் இருந்தார்கள். 'ரான்சம் டிவிஷன்' (பல பிரிகேட்கள் சேர்ந்தது) தம்பி, 'ரான்சம் பிரிகேட்' அண்ணன். அந்தச் சண்டையில் காயப்பட்டவர் மாட். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் 'ஜெனரலுக்குக் காயம்' என்று மட்டும் வந்தால் யாருக்கு என்று அடிக்குறிப்பு கட்டாயம். எதிர்த்தரப்பிலும் ஒரு ஜெனரல் தாமஸ் ரான்சம் உண்டு, 1864 அக்டோபரில் இறந்தவர். வடக்குச் செய்தித்தாள் துணுக்கு கடிதத்தோடு மடித்து வைக்கப்பட்டிருந்தால் அவராகவும் இருக்கலாம்.

சரிபார்க்க: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நுண்படச் சுருளில் எம்331 என்பது கூட்டமைப்பு ஜெனரல்கள், பணியாட்குழு அதிகாரிகளின் பணிப்பதிவு. எம்270 வட கரோலினாப் படைப்பிரிவுகளுடையது. மாட்டைக் கர்னலாகத் தேட எம்270, ஜெனரலாகத் தேட எம்331. அந்த அட்டைகள் போர்க்காலத்தில் எழுதியவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. 1903க்குப் பிறகு வாஷிங்டனில் எழுத்தர்கள் மூலப் பட்டியல்களைப் பார்த்து நகல் எடுத்தவை. ஒரே குடும்பப் பெயர் உள்ள தாள் பக்கத்து உறைக்குள் போயிருப்பதும் உண்டு. அட்டைக்கும் கடிதத்துக்கும் முரண் வந்தால் கடிதத்தின் பக்கம் சாய்வேன்.


ஏடுபுரட்டி எழுதியது:

கொத்தளம் சொன்னதோடு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1863 ஜூலை 28 பூன்ஸ் மில் மோதல் நடந்தது நார்தாம்ப்டன் மாவட்டம் ஜாக்சன் ஊருக்கு அருகே. ஒன்றியத்தின், அதாவது வடக்கின், குதிரைப்படை வெல்டன் ரயில் பாலத்தைக் குறிவைத்து வந்தது, மாட்டின் ஆட்கள் வழியில் மறித்தார்கள். அவருடைய வெரோனா பண்ணையும் அதே மாவட்டம்தான். மனைவி பேட்டிக்கு (மார்த்தா எக்ஸம், திருமணம் 1853) எழுதும் கடிதத்தில் போர்ச் செய்தியும் வீட்டுச் செய்தியும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். 'குடும்பம்', 'அரசியல்', 'போர்' என்று உங்கள் நாற்பதையும் மூன்றாகப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தேதி வரிசை ஒன்றே போதும்.


மைக்கூடு எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். சொன்னபடி பார்த்ததில் ஆண்டு இல்லாத பதினொன்றில் ஆறுக்குப் பின்பக்கப் படமே இல்லை. கேட்டு எழுதுகிறேன். குறுக்கெழுத்துத் தாளும் இடவலம் மாறிய தாளும் இன்னும் நிற்கின்றன.


நிழற்பெட்டி எழுதியது:

குறுக்கெழுத்து: தாளும் அஞ்சல் காசும் மிச்சம் பிடிக்க, பக்கம் நிறைந்ததும் தாளை 90 பாகை திருப்பி அதன் மேலேயே எழுதுவார்கள். படத்தை இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் திருப்பி வையுங்கள். கண் கிடைவரிகளை மட்டும் பிடிக்கும், செங்குத்துக் கோடுகளைத் தானே தள்ளிவிடும். அரைமணி பழகினால் வந்துவிடும். எங்கே தொடங்குவது என்பதில்தான் தவறு வரும். ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். நாலும் நிறைந்தபின் குறுக்கெழுத்து பெரும்பாலும் முதல் பக்கத்துக்குத் திரும்பி அங்கே தொடங்கும். ஆக முதல் பக்கத்தில் குறுக்கே ஓடுவதுதான் கடிதத்தின் முடிவு, கையொப்பமும் அங்கேதான் இருக்கும். பக்க வரிசையும் எப்போதும் 1-2-3-4 இல்லை. 1-4-2-3 என்று எழுதுகிறவர்களும் உண்டு. வாக்கியம் பக்கம் தாண்டும் இடத்தை ஒட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இடவலம் மாறிய தாள் அழுத்துநகல். அனுப்பும் கடிதத்தை நகல் மையில் எழுதி, ஈரப்படுத்திய மெல்லிழைத் தாளை அதன்மேல் வைத்து, இரும்புத் திருகில் அழுத்துவார்கள். மை தாளில் இடவலம் மாறிப் பதியும். தாள் மெலிதாக இருப்பதால் மறுபுறம் திருப்பிப் பார்த்தால் நேராகத் தெரியும். உங்கள் படம் தவறான பக்கத்தில் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். படத்தைக் கணினியில் கிடைவாட்டில் கவிழ்த்துவிடுங்கள். புதிதாகப் படம் கேட்டால், ஒவ்வொரு தாளுக்கும் பின்னே வெள்ளை அட்டை செருகி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தாளின் எழுத்தும் ஊடே தெரிந்து இரண்டும் கலந்துவிடும். ஈரம் அதிகமான நகலில் எழுத்து ஊறிப் பரவியிருக்கும், குறைவானதில் மேல்பாதி மட்டும் பதிந்திருக்கும். இரண்டையும் மென்பொருள் காப்பாற்றாது.

மங்கிய எழுத்துக்கு ஜிம்ப் என்ற பட மென்பொருள் போதும். படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசையாகப் பிரியுங்கள். அக்கால எழுத்துமை மாசிக்காயும் அன்னபேதியும் கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசினும் சேர்ந்தது. நாளாக ஆகப் பழுப்பாகிவிடும். பழுப்பு மை நீல அலைவரிசையில் அடர்ந்து தெரியும், சிவப்பில் காணாமல் போகும். தாளே மஞ்சளாகியிருந்தால் நீலத்தில் தாளும் சேர்ந்து கருக்கும், அப்போது பச்சைக்கு வாருங்கள். ஊதா மை அழுத்துநகலுக்கு எப்போதும் பச்சைதான். நூலகத்தின் மூலப்படத்தைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

எழுத்துவடிவத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் இரட்டை 'எஸ்' வந்தால் முதலாவதை நீட்டி எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு நடுவரை இருந்தது. 'மிஸ்' என்பது 'மிஃப்ஸ்' மாதிரித் தெரியும். அப்படிப் படித்து இல்லாத ஒரு குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துவிடாதீர்கள்.

ட்ரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிப்பான்கள் சீரான எழுத்துக்கு நன்றாகவே உதவும். குறுக்கெழுத்தில் தோற்கும். உரையாடல் வகைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஆபத்து வேறு மாதிரி. படிக்க முடியாத இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்பி அழகாகக் கொடுத்துவிடும். பெயர், எண், தேதி மூன்றையும் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.


செங்காந்தள் எழுதியது:

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். மற்ற இடம் எல்லாம் சரியாக இருந்தாலும் இங்கே தவறினால் நூலே பொய்யாகிவிடும்.

1865க்கு முந்தைய தெற்கத்திக் குடும்பக் கடிதத்தில் 'சர்வன்ட்' என்றால் கிட்டத்தட்ட எப்போதும் அடிமை. எழுதியவர்களுக்கு அடிமை என்ற சொல்லை வீட்டுக்குள் புழங்கக் கூச்சம். 'வேலைக்காரர்' என்று போட்டால் சம்பளம் வாங்கியவர் என்று தமிழ் வாசகர் நினைப்பார். அந்தக் கூச்சத்தை நாமும் சேர்ந்து மூடிமறைப்பதாக ஆகும். என் முறை: 'ஏவலாள்' என்று போட்டு, முதல் முறை வரும்போது 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுவது. 'ஹேண்ட்ஸ்', 'ஃபோர்ஸ்' இரண்டும் வயலில் இறக்கப்பட்ட அடிமைகளின் தொகை. 'ஃபோர்ஸ்' என்பதைப் 'படை' என்று பெயர்த்தால் பண்ணைக் கடிதம் போர்க்கடிதம் ஆகிவிடும். 'பாய்' என்பவருக்கு நாற்பது வயதும் இருக்கலாம், பையன் என்று எழுதாதீர்கள். 'எங்கள் குடும்பம், கறுப்பும் வெள்ளையும்' என்று வந்தால் அங்கே குடும்பம் என்பது பாசச் சொல் மட்டும் இல்லை, உடைமையும் அதற்குள் இருக்கிறது.

'ஆன்ட்', 'அங்கிள்' இன்னொரு குழி. வயதான அடிமைகளை 'மிஸ்டர்', 'மிசஸ்' என்று அழைக்காமல் இப்படி அழைப்பார்கள். அத்தை, மாமா என்று பெயர்த்தால் வாசகர் வம்சாவளியில் தேடுவார். ஒலிபெயர்த்து விட்டுவிடுங்கள்.

'கசின்' நமக்குத்தான் தலைவலி. தமிழில் பெரியப்பா மகனா, அத்தை மகனா, சித்தி மகளா என்று சொல்லியாக வேண்டும். உறவு நிறுவப்பட்டிருந்தால் சரியான முறைச்சொல், இல்லாவிட்டால் 'உறவினர்'. ஊகித்து முறை வைக்காதீர்கள். 'பிரதர்', 'சிஸ்டர்' என்பது மைத்துனரையும் நாத்தனாரையும் குறிக்கும், 'கனெக்‌ஷன்' என்றால் சம்பந்தம் வழி உறவு. மாட் மனைவிக்கு எழுதும் கடிதங்களைத் தமிழாக்கும்போது 'நீ'யா 'நீங்க'ளா என்ற கேள்வி வரும். கணவன் எழுதினால் 'நீ', மனைவி எழுதினால் 'நீங்கள்' என்று நம் பழக்கத்தைப் புகுத்திவிடுவோம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல். ஒன்றை முடிவு செய்து இருவருக்கும் அதையே வையுங்கள்.

போருக்குப் பிந்தைய கடிதத்தில் 'டிசபிலிட்டிஸ் நீங்கின' என்று வந்தால் உடற்குறை குணமானதாக எழுதிவிடாதீர்கள்! அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு விதித்த பதவித் தகுதியிழப்பு அது. அரசியலமைப்பைக் காப்பதாக முன்பு உறுதிமொழி எடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் சேர்ந்தவர்கள் பதவி வகிக்க முடியாது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மூன்றில் இரண்டு பங்கு வாக்கில்தான் நீக்க முடியும். 1870இல் செனட்டுக்குத் தேர்வான முன்னாள் ஆளுநர் செபுலன் வான்ஸ் இதனால்தான் இருக்கையில் உட்கார முடியாமல் விலகினார். காலியான அந்த இடத்துக்குத்தான் 1872 ஜனவரி 30 அன்று ரான்சம் தேர்வானார். பொது மன்னிப்புச் சட்டம் அதற்குப் பிறகு, மே 22 அன்று வந்தது. இந்தத் தேதிகள் இல்லாமல் அந்த ஆண்டுக் கடிதங்கள் ஒன்றும் விளங்காது.

அடிமைப்பட்டவர்களின் பெயர்கள் கடிதத்தில் வந்தால் கட்டாயம் தனியே தொகுத்துப் பின்னிணைப்பில் கொடுங்கள். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. முதல் முறையாக அவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில். நடுவில் வட கரோலினாவுக்கு ஒரு தனிப் பாலம் உண்டு. 1866 மார்ச் சட்டப்படி விடுதலை பெற்ற தம்பதியர் மாவட்ட எழுத்தரிடமோ அமைதி நீதிபதியிடமோ போய்த் தங்கள் மணவாழ்வைப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 25 சென்ட். எத்தனை ஆண்டாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதும் அதில் எழுதப்படும். பண்ணைக் கடிதத்தில் முதற்பெயர் மட்டும் கொண்டு வரும் ஒருவரை அந்தப் பதிவோடும் 1870 கணக்கெடுப்போடும் பொருத்திப் பார்க்கலாம். அடிமை உடைமையாளரின் குடும்பப்பெயரைத்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணித் தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள்.


கொத்தளம் எழுதியது:

செங்காந்தள் சொன்னதோடு போர்க்காலப் பண்ணைக் கடிதத்துக்கு இரண்டு சட்டங்கள். 1862 அக்டோபர் 11 சட்டப்படி இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் உள்ள பண்ணையில் ஒரு வெள்ளையர் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறலாம். மேற்பார்வையாளரை இருத்திக்கொள்வது பற்றிய கவலை கடிதத்தில் வந்தால் பின்னணி அதுதான். 1864 பிப்ரவரியில் எண்ணிக்கை பதினைந்தாகக் குறைந்தது. அடுத்தது, 1863 ஏப்ரல் 24 முதல் விளைச்சலில் பத்தில் ஒன்று அரசுக்கு. 'டைத்' என்று கடிதத்தில் வந்தால் தேவாலயக் காணிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். படைக்குச் சோளமும் தீவனமும் விற்றதற்கான ரசீது எம்346 சுருளில் உடைமையாளர் பெயர் வரிசையில் இருக்கும். கடிதத்தில் வரும் விலையை அதோடு ஒத்துப் பார்க்கலாம்.


தபால்காரர் மகன் எழுதியது:

1885, 1893 கடிதங்கள் கட்டில் கொழுத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். போருக்குப் பிறகு முதல் ஜனநாயகக் கட்சி அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் பதவி ஏற்றது 1885 மார்ச், மறுபடி 1893 மார்ச். கால் நூற்றாண்டுக்குப் பிறகு தங்கள் கட்சி ஆட்சி, ஊரெல்லாம் வேலை கேட்டுச் செனட்டருக்கு எழுதுகிறது. தபால் அதிகாரி, உள்நாட்டு வரி வசூல் அதிகாரி இரண்டுக்கும்தான் போட்டி அதிகம். வட கரோலினாவில் புகையிலையும் சாராயமும் இருந்ததால் வரி வசூல் பதவியின் கீழ் நிறையச் சின்ன வேலைகள் தொங்கின.

இந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்ப்பது வீண். எல்லாம் ஒரே ராகம்: என் அப்பா உங்களோடு பீட்டர்ஸ்பர்க்கில் நின்றார், இப்போது இருப்பவர் குடியரசுக் கட்சிக்காரர். இரண்டு மூன்றை முழுதாகப் போட்டு மீதியை அட்டவணை ஆக்குங்கள். கேட்பவர், பரிந்துரைப்பவர், பதவி, ஊர், காட்டும் தகுதி, முதுகுக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது. பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை அச்சான அமெரிக்க அரசுப் பணியாளர் பதிவேட்டில் அந்த ஊரையும் பதவியையும் எடுத்துப் பார்த்தால், கேட்டவருக்குக் கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தபால் அதிகாரியின் சம்பளம் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்குக் குறைந்த அலுவலகம் நான்காம் வகுப்பு, தலைமை அஞ்சல் அமைச்சரே நியமிப்பார். அதற்கு மேல் அதிபர் நியமிப்பார், செனட் ஒப்ப வேண்டும். செனட்டரின் கை நேரடியாக நீளும் இடம் இரண்டாவது.

துறைமுகம், ஆறு தூர்வாருதல் பற்றிய மனுக்களும் நிறைய வரும். செனட்டின் வணிகக் குழுவில் அவர் செல்வாக்குள்ளவர், 1893–1895இல் தலைவர். ஆறு, துறைமுக நிதி மசோதா அந்தக் குழு வழியேதான் போகும்.

கட்சிப் பெயர்களில் கவனம். 1868 முதல் 1876 வரை வட கரோலினா ஜனநாயகக் கட்சியினர் தங்களைக் 'கன்சர்வேடிவ்' என்றே அழைத்துக்கொண்டார்கள். 1862இல் வான்ஸை ஆளுநராக்கிய 'கன்சர்வேடிவ்' அணி வேறு. 'ராடிகல்' என்றால் குடியரசுக் கட்சிக்காரர். 1894இல் 'ஃப்யூஷன்' என்றால் மக்கள் கட்சியும் குடியரசுக் கட்சியும் கைகோத்தது. அந்தக் கூட்டணி சட்டமன்றத்தைப் பிடித்ததில்தான் ரான்சமின் இருக்கை மேரியன் பட்லரிடம் போனது.

இதில் பெரும்பகுதி அவருக்கு வந்த கடிதம். அவர் எழுதிய மூலம் பெற்றவரிடம் போயிருக்கும். வான்ஸ் காகிதங்கள் ராலியில் மாநில ஆவணக் காப்பகத்தில், கிளீவ்லண்ட் காகிதங்கள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில். மெக்சிகோவிலிருந்து அனுப்பிய அலுவல் கடிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்97 சுருளில். பதில் இல்லாத கடிதம் என்று எழுதுமுன் அங்கே பாருங்கள்.


செங்காந்தள் எழுதியது:

போர் முடிந்தபின் மன்னிப்பு கேட்ட மனுக்களை யாரும் சொல்லவில்லை. 1865 மே 29 அன்று அதிபர் ஜான்சன் பொது மன்னிப்பு அறிவித்தபோது பதினான்கு வகையினரை விலக்கினார். கர்னலுக்கு மேற்பட்ட பதவி, இருபதாயிரம் டாலருக்கு மேல் வரிக்குரிய சொத்து இரண்டும் அதில் உண்டு. அவர்கள் தனித்தனியே மனுப் போட வேண்டும். அந்தக் கோப்புகள் எம்1003, மாநில வாரியாக. பிரிகேடியர் என்பதால் ரான்சம் விலக்கப்பட்ட வகைக்குள் வருகிறார். ஆனால் மனுவின் சொற்களை அப்படியே நம்பாதீர்கள். பிரிவினையை ஆரம்பத்தில் எதிர்த்தேன் என்று எழுதாத மனு அபூர்வம். 1860, 1861 குடும்பக் கடிதங்கள் கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


ஏடுபுரட்டி எழுதியது:

அனுமதி பற்றி. வெளியாகாத எழுத்துக்கு அமெரிக்காவில் உரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை. ரான்சம் இறந்தது 1904, அவர் எழுதியவை 2003 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆகிவிட்டன. ஒரு விதிவிலக்கு: 1978க்கும் 2002 முடிவுக்கும் நடுவே உரியவர் அனுமதியோடு முதல் முறையாக அச்சான கடிதம் என்றால் 2047 வரை உரிமை நிற்கும். அவருக்கு வந்த கடிதங்களின் உரிமை எழுதியவருடையது, தாள் யாரிடம் இருக்கிறது என்பது பொருட்டல்ல. கட்டில் அவர் இறந்தபின் குடும்பத்தார் எழுதியவையும் இருந்தால் ஒவ்வொருவர் இறந்த ஆண்டையும் பார்க்க வேண்டும். நூலகத்துக்குத் தெரிவிப்பது மரியாதை, படங்களையே அச்சிடுவதானால் அவர்கள் நிபந்தனை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கோளில் பெட்டி எண்ணைவிடக் கோப்புறை எண்ணும் கடிதத் தேதியும் முக்கியம். பெட்டிகளை மறு அடுக்கு செய்தால் எண் மாறும். அனுப்பியவர், பெற்றவர், தேதி, கோப்புறை, தொகுப்பின் பெயரும் எண்ணும், நூலகம் என்ற வரிசையில் கொடுங்கள். நீங்களே நிறுவிய ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட்டு, எதை வைத்து நிறுவினீர்கள் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி.

இன்னொன்று. தென்மாநில வரலாற்றுத் தொகுப்பை 1930இல் தொடங்கிய பேராசிரியர் ஹாமில்டன் தெற்கு முழுக்க வீடு வீடாகக் காரில் போய்ப் பரண்களைக் குடைந்தவர். அவருக்கு 'ரான்சாக்' (ஆங்கிலத்தில் குடைந்து தேடுதல்) என்றே பட்டப்பெயர். அப்படி வந்த கட்டுகளில் குடும்பத்தார் கொடுக்குமுன் எதை எடுத்துவிட்டார்கள் என்பது தாளில் இருக்காது. அஞ்சல்தலைக்காக மூலை வெட்டப்பட்ட உறை, நடுவில் ஒரு பக்கம் மட்டும் காணாத கடிதம், மேலிருந்து கீழ் அடித்து நிரப்பிய மை இவற்றைத் தமிழாக்கத்திலும் சதுர அடைப்புக்குள் அப்படியே காட்டுங்கள்.


மைக்கூடு எழுதியது:

அடித்து நிரப்பிய மை ஒரு கடிதத்தில் இருக்கிறது, ஒன்றரை வரி. அடியில் இருப்பதைப் படிக்க வழி உண்டா?


நிழற்பெட்டி எழுதியது:

இரண்டு மையும் ஒன்றே என்றால் உங்கள் படத்தில் முடியாது. வேறு மை என்றால் வாய்ப்பு உண்டு. மாசிக்காய் மை அகச்சிவப்பு ஒளியில் மங்கி மறையும், கரி கலந்த மை கறுப்பாகவே நிற்கும். ஆக மேலே மாசிக்காய், அடியில் கரி அல்லது பென்சில் என்றால் தெரியும், மாறி இருந்தால் தெரியாது. நூலகத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் அகச்சிவப்புப் படம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கூடவே பக்கவாட்டில் தாழ்ந்த ஒளி வைத்துப் பின்பக்கத்தை ஒரு படம். இரும்புப் பேனா முனை அழுத்திய பள்ளம் சில எழுத்தையாவது காட்டிக்கொடுக்கும். அடித்தவரும் அதே அழுத்தத்தில் அடித்திருந்தால் அதுவும் கிடையாது.